ரேடியோவைக் கடைசியில் வாங்குங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை எல்லோரும் எழுதினார்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே பேச்சு அறுந்துபோனதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை. புயல் பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கரண்ட் போனதும் செல்போன் டவர்கள் பேட்டரி தீர்ந்து அடங்கின. கம்பத்தில் கட்டியிருந்த கேபிள் கம்பத்தோடு தரையில் கிடந்தது. கீரமங்கலம், வடகாடு பக்கம் யாருக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமென்றால் மரத்தை வெட்டி வழி செய்துகொண்டு ஆள் போய்வர வேண்டியிருந்தது.

அறந்தாங்கி வட்டாரத்தில் கேபிள், இணைய இணைப்புகளுக்காக டவர் ஏறுவது என் பிழைப்பு. கஜாவுக்குப் பிறகு ஊராட்சிக்காரர்கள், பள்ளி நிர்வாகிகள், கூட்டுறவுச் சங்கத்தார் எனப் பலர் “டவருக்கு டவர் அலை வழியே பேசும் ரேடியோ லிங்க் போடலாமா?” என்று கேட்டு வருகிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் அடுத்த நொடியே, “எந்தக் கம்பெனி ரேடியோ? எத்தனை கிலோமீட்டர் இழுக்கும்?” என்கிறார்கள். டெண்டர்களும் இதே வரிசையில்தான் எழுதப்படுகின்றன. இந்த வரிசையை மாற்ற வேண்டும். முதலில் பாதை, பிறகு உயரம், பிறகு ஆண்டெனா, அதன் பிறகு மின்சாரம். ரேடியோ கடைசி.

எங்கள் பகுதிக்கு இது புதிய பாடம் இல்லை. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியபோது, கடலோர ஊர்களில் உயரமான குழாயில் ஆண்டெனா கட்டி, பூஸ்டர் வைத்துப் படம் பார்த்தார்கள். அந்தத் தலைமுறை குழாய்க்கும் ஆண்டெனாவுக்கும் யோசித்துச் செலவு செய்தது. கோடை இரவுகளில் படம் பளிச்சென்று வரும், மறுநாள் காணாமல் போகும். கடலுக்கு மேல் படியும் வெப்பக்காற்று அலையை வளைத்துக் கொண்டுவருவதால் ஏற்படும் விளைவு அது. அதே காற்று இன்றைக்கும் கடலோர லிங்குகளை ஆட்டிப் படைக்கிறது. அதனால்தான் தேவையான சிக்னலுக்கு மேல் 15 டெசிபல் வரை கையிருப்பு வைக்கச் சொல்கிறோம்.

பாதைக் கணக்கு: எதிர் டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அலை நடுவழியில் பருத்துப் போகும். ஃப்ரெனல் மண்டலம் என்பது அதுதான். 5.8 கிகாஹெர்ட்ஸில் 20 கி.மீ. லிங்க் என்றால் நடுவில் அதன் ஆரம் சுமார் 16 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது ஏறக்குறைய 10 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். பூமியின் வளைவு இன்னொரு 6 மீட்டர் கேட்கும். நடுவில் 20 மீட்டர் உயரத் தென்னந்தோப்பு இருந்தால் இரண்டு முனையிலும் 36 மீட்டரில் ஆண்டெனா நிற்க வேண்டும். அதையே பத்துப் பத்து கிலோமீட்டராகப் பிரித்தால் 28 மீட்டர் போதும். நடுவில் ஒரு ரிப்பீட்டர் போடுவதா, இரண்டு நெடிய டவர் எழுப்புவதா என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும்.

வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி குழுவினர் 2007இல் வைஃபையை 382 கி.மீ. தூரம் எட்ட வைத்தார்கள். ஒரு முனை ஆண்டீஸ் மலை உச்சியில் இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. மாவட்டத்தின் பெரும்பகுதி சமவெளி. இருக்கும் குன்றுகளில் சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம் எல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன்அனுமதி வேண்டும். அது சரியான சட்டம். ஆகவே டவரின் உயரத்தை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, மரம் வளரும். ஓர் அலுவலகத்தின் லிங்க் போட்ட இரண்டு வருடம் அருமையாக ஓடியது. பிறகு மழைக்காலத்தில் மட்டும் அறுந்தது, அதன் பிறகு எப்போதும் அறுந்தது. விலை கூடிய ரேடியோவை மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. நடுவழியில் தைலமரக் காடு வளர்ந்து அலைக்குள் தலை நீட்டியிருந்தது. காட்டை வெட்டி எடுத்ததும் லிங்க் தானாகப் பிழைத்தது. புதுக்கோட்டையில் தைலமரமும் சவுக்கும் இல்லாத பாதை குறைவு. இன்று நிற்கும் மரத்தை அளந்தால் போதாது, வெட்டும் பருவத்தில் அது எட்டும் உயரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆண்டெனாவா, பவரா: 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. நெடுந்தூரத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் 5.8 பகுதியில், ஆண்டெனா குவித்த பிறகு வெளியேறும் பலம் 4 வாட்டைத் தாண்டக் கூடாது. 30 டெசிபல் ஆண்டெனா பலத்தை ஆயிரம் மடங்காகக் குவிக்கும். அப்படியானால் ரேடியோ கொடுக்க வேண்டியது வெறும் 4 மில்லிவாட். ‘ஹை பவர்’ என்று விளம்பரம் செய்யும் ரேடியோவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்.

பெரிய டிஷ்ஷுக்குச் செலவழிக்கும் காசோ இரண்டு வழியில் பலன் தரும். காதருகே கையைக் குவித்துக் கேட்பதுபோல் அது எதிர்முனையின் மெல்லிய சிக்னலையும் வாங்கும், பக்கத்திலிருந்து வரும் இரைச்சலையும் ஒதுக்கும். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போகும். இரு முனையிலும் டிஷ்ஷின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பலத்தைக் கூட்டாமலே அந்த 6 டெசிபல் திரும்பி வரும். 80 மெகாஹெர்ட்ஸ் சேனலை 20 ஆகச் சுருக்கினாலும் அதே 6 டெசிபல் மிச்சம். வேகம் குறையும்தான். ஆனால் புயல் நேரத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கு வேண்டியது அறுந்துபோகாத பேச்சு. டிஷ் பெரிதானால் காற்றின் பிடியும் கூடும். 120 கி.மீ. வேகக் காற்று இரண்டடி டிஷ்ஷை 20 கிலோவுக்கும் மேலான விசையோடு தள்ளும். கடலோரத்தில் கம்பி வலை டிஷ்ஷும் உறுதியான ஸ்டே கம்பியும் தேவை என்பதற்கு இதுவே காரணம்.

டிஷ்ஷைத் திருப்பி நிறுத்துவது தனி வேலை. இரண்டடி டிஷ்ஷின் கற்றை ஐந்தாறு டிகிரி அகலம்தான். நட்டைக் கால் திருப்பு திருப்பி, எண்ணைப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். பக்கக் கற்றையிலும் சிக்னல் ஏறி இறங்கும். அதுதான் உச்சம் என்று நம்பி அங்கேயே முறுக்கிவிட்டு இறங்குபவர்கள் உண்டு. கணக்குப்படி 20 கி.மீ.க்கு 4 வாட்டும் 30 டெசிபல் டிஷ்ஷும் இருந்தால் சிக்னல் மைனஸ் 68 டிபிஎம் அளவில் வர வேண்டும். மைனஸ் 88 காட்டினால் ரேடியோ மேல் பழி போடாதீர்கள், டிஷ் வேறு பக்கம் பார்க்கிறது. இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு டவர் ஏறுபவரிடம் மட்டுமே வேலையை ஒப்படைக்க வேண்டும்.

தேனி சொன்ன பாடம்: 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்து நோயாளியை மருத்துவர் தேனியில் இருந்தபடியே வீடியோவில் பார்த்தார். சாதாரண வைஃபை ஒவ்வொரு தகவலுக்கும் பதில் வரும்வரை காத்திருக்கும், தூரம் கூடினால் அது தடுமாறும். ஆய்வாளர்கள் அதை மாற்றி, முனைக்கு முனை நேரம் பிரித்துப் பேச வைத்தார்கள். இன்று கடையில் வாங்கும் வெளிப்புற ரேடியோ பலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் அவர்களை அதிகம் வாட்டியது கிராமத்து மின்சாரம். லோ வோல்டேஜ், திடீர் ஏற்றம், செத்துப்போகும் பேட்டரி. மின்னலுக்கு நல்ல எர்த், சர்ஜ் பாதுகாப்பு, ஒரு சோலார் பேனல், குறைந்த வோல்டேஜில் தானே துண்டித்துப் பேட்டரியைக் காக்கும் சிறு சர்க்யூட். இவை இல்லாத லிங்க் புயல் வருவதற்கு முன்பே விழும்.

“ஃபைபர்தான் வருகிறதே, ரேடியோ எதற்கு?” என்று கேட்பார்கள். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் டான்ஃபிநெட் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். எங்கள் மாவட்டத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் அது வேண்டும். அன்றாடப் பாரத்தை ஃபைபர்தான் தாங்க முடியும். ஆனால் கம்பத்தில் போகும் ஃபைபர் கம்பத்தோடு விழும் என்பதைக் கஜாவில் பார்த்துவிட்டோம். இரண்டாவது வழி வேறு வகையானதாக இருந்தால்தான் அது மாற்று வழி.

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது தெளிவு. அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் வரை பாதை ஆய்வு நடத்தி அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும். டெண்டரில் ரேடியோவின் வேகத்தை எழுதும் முன் டவரின் உயரம், எதிர்பார்க்கும் சிக்னல் அளவு, பேட்டரி தாங்கும் நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். அந்தச் சிக்னல் அளவைக் காட்டிய பிறகே பணம் தர வேண்டும். வருடம் ஒருமுறை பாதையில் மரம் பார்க்கவும் டிஷ் திருப்பவும் உள்ளூர் ஐ.டி.ஐ. பிள்ளைகளைப் பழக்க வேண்டும். ரேடியோவை ஒரே வாரத்தில் வாங்கி மாட்டிவிடலாம். பாதை ஆய்வுக்கும் டவருக்கும் மாதங்கள் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் லிங்க் பேச வேண்டுமென்றால் ஆய்வை இந்தக் கோடையிலேயே தொடங்கியாக வேண்டும்.