உப்புப் பொட்டலத்துக்கு இருக்கும் லேபிள் பட்டப்படிப்புக்கு ஏன் இல்லை?

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதம் தொடங்கி ஆகஸ்டு வரை நம் வியாபாரிகள் பலருக்கு ஒரே பேச்சுதான். மகனுக்கு எந்தக் கல்லூரி, மகளுக்கு எந்தப் பிரிவு, வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும்? கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடை வைத்திருக்கும் நம்மில் பலரும் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். பிள்ளைகளாவது நன்றாகப் படிக்கட்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? தவறே இல்லை. ஆனால் பத்து மூட்டை அரிசி கொள்முதல் செய்ய நாலு மண்டியில் விலை விசாரிக்கிற நாம், நாலு லட்ச ரூபாய்க் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டிலேயே பண்டகசாலை வைத்து வணிகம் செய்த ஊர் கூனிமேடு. சரக்கைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்பது இந்த ஊர் வழக்கமல்ல.

கல்விக் கடன் என்பது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-ல் வந்தது. பல ஆண்டுகளாக அதன் விதி இப்படி இருந்தது: 4 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன். அதற்கும் மேல் என்றால் வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ வைக்க வேண்டும். 2015-ல் மத்திய அரசு ஒரு கடன் உத்தரவாத நிதியை ஏற்படுத்தி, 7.5 லட்சம் வரையிலான கடன்களுக்கு வங்கியின் நஷ்டத்தில் 75 சதவீதத்தைத் தாங்குவதாக ஏற்றுக்கொண்டது. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் வந்தது. தரவரிசையில் தேறிய சுமார் 860 கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் பிணையில்லாக் கடன். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை.

இதில் நம் மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. உத்தரவாத நிதி காப்பாற்றுவது வங்கியை. நம்மை அல்ல. பிணை இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். படிவத்தில் தகப்பனாரோ தாயாரோ போடும் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து அல்ல, சக கடனாளியின் கையெழுத்து. பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் தவணை நின்றால் அந்த நிலுவை தகப்பனார் பெயரிலும் சிபில் கணக்கில் ஏறும். பிறகு தீபாவளிச் சரக்குக்கு ஓவர்டிராப்ட் கேட்டுப் போகும்போதும், முத்ரா கடன் கேட்டுப் போகும்போதும் மேலாளர் கணினியைத் திருப்பிக் காட்டுவார். மகன் படித்த படிப்பு தகப்பனின் கடைக் கொள்முதலைத் தடுத்து நிறுத்திவிடும்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். பொறியியல் படிப்புக்கு வருடம் ஒரு லட்சம் வீதம் நாலு வருடத்தில் 4 லட்சம் வாங்குகிறோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி, அடுத்த லட்சத்துக்கு 4 வருட வட்டி என்று கூட்டினால் 1 லட்சத்து 40 ஆயிரம். தவணை தொடங்கும் நாளில் பாக்கி 5 லட்சத்து 40 ஆயிரம். இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் எட்டரை லட்சம். இதே கணக்கில் 7.5 லட்சம் வாங்கியவர் மாதம் 13,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கட்டுவார்.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தொழிற்படிப்பாக இருந்தால், விடுப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கு இதிலும் ஒரு சிக்கல். நாற்பது லட்சம் விற்றுமுதல் காட்டுகிறவருக்குக் கையில் நிற்பது என்ன என்பது நமக்குத் தெரியும், வருமானச் சான்றிதழ் எழுதுகிறவருக்கு அதை விளக்குவது பெரும்பாடு. விற்றுமுதல் வேறு, வருமானம் வேறு என்று காட்டும் லாப நட்டக் கணக்கை ஆடிட்டரிடம் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

இப்போது அந்தப் பிள்ளைக்குச் சென்னையில் மாதம் 15,000 சம்பளத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம் போக 7,140 ரூபாய் எங்கிருந்து வரும்? நம் கல்லாவிலிருந்துதான். நம் கல்லாவோ உப்பளத்தையும் கடலையும் நம்பி இருக்கிறது. மழை விழுந்தால் பாத்தியில் வேலை நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் நம் கடைகளில் ரொக்கம் குறைந்து பற்று நோட்டுத்தான் தடிக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் அடித்தபோது எத்தனை கடையில் சரக்கு நனைந்தது, எத்தனை வீட்டுப் பற்று வசூலாகாமல் நின்றது என்பது அவரவர் நோட்டுக்குத் தெரியும். வங்கித் தவணைக்கு மழைக்காலமும் இல்லை, தடைக்காலமும் இல்லை.

நாம் சொல்ல வருவது இதுதான். கடன் வரம்பை நிர்ணயிக்கிறவர்கள் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பெற்றோருக்கு என்ன சொத்து என்று பார்க்கிறார்கள். இப்போது கல்லூரியின் தரவரிசையையும் பார்க்கிறார்கள். அந்தப் படிப்பை முடித்தவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதை மட்டும் யாரும் கடன் மேசையில் எடுத்து வைப்பதில்லை. வாங்குகிறவனின் வரும்படி தெரியாமல் நாம் கடனுக்குச் சரக்கு கொடுப்போமா?

மரக்காணத்துப் பாத்தியில் விளைந்த உப்பை ஒரு கிலோ பொட்டலமாக விற்க என்னென்ன அச்சிட வேண்டும் என்பது நமக்கு மனப்பாடம். பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண், உணவுப் பாதுகாப்பு உரிம எண், அயோடின் விவரம். 1977-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும், அவற்றின் இடத்தில் 2011-ல் வந்த விதிகளும் நம்மை இப்படிப் பழக்கிவிட்டன. ஒன்று விடுபட்டால் அபராதம். சில ரூபாய் உப்புக்கு இத்தனை நிபந்தனை. நாலு வருடம் உழைத்து நாலு லட்சம் கொடுத்து வாங்கும் பட்டத்துக்கு?

எதுவுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, தன் அனுமதி பெற்ற கல்லூரிகள் வேலைவாய்ப்பு விவரத்தையும் சம்பளத்தையும் வெளியிட வேண்டும் என்கிறது. தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் நடுச்சம்பளத்தைத் தெரிவிக்கின்றன. நடுச்சம்பளம் என்றால், நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. சராசரியைவிட இது நாணயமான அளவு. ஒருவர் இருபது லட்சமும் மற்ற ஒன்பது பேர் இரண்டு லட்சமும் வாங்கினால் சராசரி 3 லட்சத்து 80 ஆயிரம் என்று விளம்பரத்தில் போடலாம், நடுச்சம்பளம் இரண்டு லட்சமாகவே நிற்கும். ஆனால் இந்தக் கணக்கு வேலை கிடைத்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்துகிறது. வேலை கிடைக்காதவர் வரிசையிலேயே இல்லை. அழுகின தக்காளியை ஒதுக்கிவிட்டுக் கூடையின் தரம் சொல்வது போன்ற கணக்கு இது. பேருந்து நிலையத் தட்டிகளில் நாம் பார்ப்பதோ அந்த ஒரே ஒரு இருபது லட்சக்காரரின் புகைப்படம்.

அமெரிக்காவில் 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்திருக்கிறது. ஒரு பட்டப்படிப்பை முடித்தவர்களின் நடுச்சம்பளம், பள்ளிப் படிப்போடு நின்றவர்களின் நடுச்சம்பளத்தைவிட மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டு குறைவாக இருந்தால் அந்தப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் கிடையாது. பெற்றோர் வாங்கும் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். வரம்பைக் குறைத்தால் ஏழைப் பிள்ளைகள் தனியார் கடனுக்கு ஓடுவார்கள் என்று அங்கே எதிர்ப்பும் இருக்கிறது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. வங்கி மறுத்தால் நம் ஊரில் நகைக்கடனும் கந்துவட்டியும் காத்திருக்கின்றன. ஆகவே வரம்பைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் உள்ள ஏற்பாடு நமக்கு இன்னும் பொருத்தம். அங்கே படித்தவரின் வருமானம் ஓர் அளவைத் தாண்டிய பிறகே வரியோடு சேர்த்துக் கல்விக் கடனைப் பிடிப்பார்கள். அதற்குள் வருமானம் இருந்தால் அந்த ஆண்டு கட்டாயப் பிடித்தம் இல்லை.

படிப்பைச் சம்பளத்தால் அளப்பதா என்று ஆசிரியப் பெருமக்கள் கோபிப்பார்கள். தமிழும் வரலாறும் படிக்க யாரும் வேண்டாமா? தாராளமாகப் படிக்கட்டும். திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. படிக்க வங்கிக் கடன் தேவைப்படாது. கடன் வாங்காமல் படிப்பதற்கு எந்த அளவுகோலும் வேண்டாம். வட்டிக்கு வாங்கி ஒரு படிப்பை விலைக்கு வாங்கும்போதுதான் வரவு என்ன என்று கேட்கிறோம்.

கடனே வேண்டாமல் போகும் வழிகளையும் நம் உறுப்பினர்கள் விசாரிப்பதில்லை. கவுன்சலிங் மூலம் சேரும் முதல் பட்டதாரிக்குப் படிப்புக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்பவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மேல்பாக்கத்தில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியும், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. திறன் பயிற்சிக்கான கடன் வரம்பும் 2024-ல் 7.5 லட்சமாக உயர்ந்திருக்கிறது. வட்டி கூடாது என்ற மார்க்க நெறியில் நிற்கும் நம் இஸ்லாமிய உறுப்பினர்கள் பலர் இருக்கும் கூனிமேட்டில் இந்தத் தகவல்கள் எல்லாருக்கும் முன்னால் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

தள்ளுபடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பொதுத்துறை வங்கி வாராக் கல்விக் கடன்களைத் தனியார் நிறுவனத்திடம் விற்றதும், 2016-ல் வசூல் நெருக்கடியில் மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை விட்டதும் மறக்கக்கூடியவை அல்ல. 2021 சட்டமன்றத் தேர்தலில் கல்விக் கடன் தள்ளுபடி வாக்குறுதியாகவும் வந்தது. வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்துவது வியாபாரிக்கு அழகல்ல. வட்டி ஏறும், பெயர் கெடும். கட்ட முடியாத நிலை வந்தால் கணக்கு வாராக்கடனாகும் முன்பே கிளைக்கு நேரில் போய், தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். திருப்பிச் செலுத்த 15 ஆண்டு வரை திட்டம் இடம் தருகிறது. மேலே சொன்ன 7,140 ரூபாய் அப்போது சுமார் 5,800 ஆகும். மொத்த வட்டி கூடும் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

மாவட்ட முன்னோடி வங்கியின் கூட்டத்தில் நம் சங்கம் இரண்டு கோரிக்கைகளை வைக்க வேண்டும். கல்லூரி, பிரிவு வாரியாக, படித்து முடித்த எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்ட நடுச்சம்பளத்தைக் கடன் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். தவணை, பிள்ளையின் கைச் சம்பளத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. முதலாவதற்குப் பெரிய செலவில்லை. யார் எந்தப் பிரிவுக்குக் கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டுகிறாரா என்ற விவரம் வங்கியின் பேரேட்டிலேயே கிடக்கிறது. பெயரை மறைத்துவிட்டு அதைத் தொகுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அவர்கள் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சங்க அலுவலகத்தில் ஒரு பேரேடு திறந்து வைக்கலாம். பெயர் எழுத வேண்டாம். கல்லூரி, பிரிவு, முடித்த வருடம், வாங்கிய கடன், மாதத் தவணை, முதல் சம்பளம், இப்போதைய சம்பளம், அவ்வளவுதான். வேலை கிடைக்காமல் கடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் கூச்சப்படாமல் எழுதுங்கள், அந்த வரிகள்தான் மற்றவர்களுக்கு முக்கியம். அடுத்த மே மாதத்துக்குள் ஐம்பது வரி சேர்ந்தால், கடன் படிவத்தோடு வரும் உறுப்பினர் கையெழுத்துக்கு முன் புரட்டிப் பார்க்க நம்மிடம் ஒரு ஏடு இருக்கும்.