பல்லு போனா கட்டிக்கலாம், பேட்டரி போனா?

மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கின எலெக்ட்ரிக் டூத்பிரஷ் ரெண்டே வருஷத்துல மண்டையைப் போட்டுடுச்சு மக்களே. மோட்டார் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிதான் காலி. ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் கீழ்வரிசைக்கு வர்றதுக்குள்ள முக்கி முனகி நின்னுடும். சர்வீஸ் சென்டர்ல, "பேட்டரி மாத்த முடியாது சார், சீல் பண்ணது. புதுசு வாங்கிக்கோங்க"ன்னு கூலா சொல்றாங்க.

ஏன்னு கேட்டா தண்ணி உள்ளே போயிடுமாம். அடப்பாவிகளா! தங்கமணியோட பிரஷ்ல பென்சில் பேட்டரிதான். மூடியைத் திருகினா கழண்டுடும். தண்ணிக்குக் காவல் ஒரு ரப்பர் வளையம். அது என்ன பாலைவனத்துலயா பல்லு விளக்குது? அதே வாஷ்பேசின்தான்!

ஐரோப்பிய யூனியன் 2023ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. கருவிகளில் இருக்கும் சின்ன பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்தும்படி இருக்கணும். 2027 பிப்ரவரி 18 கெடு. ஆனா ஈரத்துல புழங்கற கருவிகளுக்கு அதுலயும் ஒரு சலுகை: மெக்கானிக் கழட்ட முடிஞ்சாலே போதும். எனக்கு அந்த மெக்கானிக்கும் இல்லையே!

ஒரு திருகு மூடி வைக்க மனசில்லாம முழு பிரஷ்ஷையும் குப்பைக்கு அனுப்பறதுக்குப் பேரு டெக்னாலஜி இல்லீங்க, வியாபாரம். வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பேட்டரி மாத்த முடியுமா?"

டிஸ்கி: தங்கமணி பிரஷ்ஷைப் பார்த்து "பொம்மை"ன்னு நக்கலடிச்சவன் நான்தான். இப்பல்லாம் வாயே திறக்கறதில்ல :-(