தகடு சாகவில்லை, அக்கா



முல்லைத்தீவுக் கரையோரத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு எங்கள் நடமாடும் சேவை வான் மாதம் ஒரு தடவை போகும். பிறப்புச் சான்றிதழுக்குப் படிவம் நிரப்புவோர், காணிப் பிரச்சினை சொல்வோர், வந்த கடிதத்தை வாசித்து விளக்கச் சொல்வோர் என்று காலையிலிருந்தே பெண்கள் வந்துகொண்டிருப்பார்கள். அண்மையில் அங்கு போயிருந்தபோது ஓர் அக்கா, வேலை முடிந்ததும் தன் வீட்டுக்கு வந்து போகும்படி கேட்டார். 2009 இல் கணவரை இழந்தவர். அந்த வருடம் பிறந்த மகள் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

வீட்டின் பின்னால் கோழிக்கூட்டில் ஒரு சோலார் தகடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கோழி எச்சமும் தூசியும் படிந்திருந்தன.

"தங்கச்சி, இது செத்துப்போச்சு. பழைய இரும்பு எடுக்கிறவர் நாளைக்கு வருவார். குடுத்திட்டு அந்தக் காசை இந்தக் கிழமைத் தவணைக்குக் கட்டலாமெண்டு இருக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

2022, 2023 ஆம் ஆண்டுகளில் மின்கட்டணம் பலமடங்கு கூடியபோது, கட்ட முடியாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்ட வீடுகளில் அக்காவின் வீடும் ஒன்று. நிலுவையைக் கட்டி இணைப்பைத் திரும்பப் பெற வழியில்லாத நேரத்தில், தவணை முறையில் சோலார் தருவதாக ஒருவர் வந்தார். 36 மாதத் தவணை. பதினான்காவது மாதத்தில் வெளிச்சம் நின்றுவிட்டது. இன்னும் 22 மாதம் கட்ட வேண்டும்.

"நாளைக்குக் குடுக்காதேங்கோ அக்கா, ஒருக்கால் பார்த்திட்டுச் சொல்லுறம்" என்றேன். அப்படிச் சொல்லும் துணிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதற்கு, முதலில் எங்கள் வானின் கதையைச் சொல்ல வேண்டும்.

மேலைநாடுகளில் வானையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுபவர்கள் அதன் கூரையில் சோலார் தகடு பூட்டிக்கொள்வார்கள். விளக்கு, விசிறி, கணினி எல்லாம் அதில்தான். மின்கம்பம் இல்லாத இடங்களில் மணிக்கணக்காக நிற்கும் எங்கள் வானுக்கும் அது பொருந்தும் என்று நினைத்தோம். மடிக்கணினி, அச்சு இயந்திரம், மழை இருட்டில் ஒரு விளக்கு, வருகிற பெண்களின் போனுக்குச் சார்ஜ். இதுதான் எங்கள் தேவை.

கடைக்குப் போனபோது நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது எங்கள் சாரதி அண்ணையைப் பார்த்து. சமூகவியல் படித்த காலத்தில் பால்நிலையும் தொழில்நுட்பமும் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆனாலும் அன்று எனக்கும் வாய் வரவில்லை. "உங்களுக்கு இதொண்டும் விளங்காது மிஸ், நாங்கள் பூட்டித் தாறம்" என்றார். பூட்டினார்கள்.

காகிதம் போல வளையும் மெல்லிய தகடு ஒன்றை வானின் கூரையில் பசையால் அப்படியே ஒட்டிவிட்டார்கள். உள்ளே வாகனத்துக்குப் போடும் சாதாரண பற்றரி. முதல் ஆறு மாதம் பிரச்சினை இல்லை. ஒரு வருடம் கழிந்தபோது தகட்டில் மண்ணிறப் புள்ளிகள் தோன்றின. பிறகு பகல் முழுவதும் வெயிலில் நின்றாலும் மாலையில் விளக்கு மங்கியது.

எங்கள் அலுவலகத்தில் மின்னிணைப்புப் பயிற்சி முடித்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் ஏறிப் பார்த்துவிட்டுக் காரணங்களைச் சொன்னாள்.

முதலாவது சூடு. தகட்டுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு கூடாது. ஒவ்வொரு பாகை சூடு கூடும்போதும் அதன் வலு ஏறக்குறைய 0.4 வீதம் குறையும். 25 பாகையில் 100 வாற் தரும் தகடு, வான் கூரையில் 65 பாகைக்குச் சூடேறினால் 84 வாற்றுக்கு இறங்கிவிடும். கூரையோடு ஒட்டிவிட்டால் அடியில் காற்றுப் போக வழியே இல்லை. இரண்டாவது வளைவும் அதிர்வும். எங்கள் கிரவல் வீதிகளில் வான் குலுங்கும்போது மெல்லிய தகட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். வெடித்த இடம் சூடேறிக் கருகும். மூன்றாவது பற்றரி. வாகனத்தை ஸ்ராட் செய்யும் பற்றரி ஒரு நொடியில் பெரிய வலுவைக் கொடுக்கச் செய்யப்பட்டது. நாள்தோறும் மெதுவாக வடிந்து நிரம்பும் வேலைக்கு அது தாங்காது.

இரண்டாவது தடவை அவளே பூட்டினாள், நான் கீழே நின்று நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி முகமும் அலுமினியச் சட்டமும் உள்ள 100 வாற் தகடு. கூரையில் துளை போடாமல், பொருட்கள் ஏற்றும் கரியரில் பூட்டினோம். தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கடற்காற்றில் இரும்பு போல்ட் உக்கிவிடும் என்பதால் துருப்பிடிக்காத உருக்கில் வாங்கினோம். குலுக்கத்தில் கழலாமல் இருக்க றபர் பதித்த நட்டு. பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ். நடுவில் சார்ஜ் கொன்றோலர். வேலை செய்யும்போது தகட்டை ஒரு துணியால் மூடி வைத்தாள். கொன்றோலரில் முதலில் பற்றரியையும் அதன் பிறகே தகட்டையும் இணைத்தாள். கழற்றும்போது முதலில் தகடு, பிறகு பற்றரி.

ஒரு வேடிக்கையும் உண்டு. நாங்கள் எல்லோரும் வேப்பமர நிழலில் இருப்போம், வான் மட்டும் வெயிலில் நிற்கும். சாரதி அண்ணைக்கு அது மனவருத்தம். ஆனால் தகட்டின் ஒரு மூலையில் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே மின்சாரம் பெருமளவு விழுந்துவிடும். உள்ளே இருக்கும் கலங்கள் சங்கிலி போல ஒன்றுடன் ஒன்று தொடுக்கப்பட்டவை. ஒன்று தடைப்பட்டால் மற்றவையும் தடைப்படும்.

ஆகவேதான் அக்காவின் தகட்டைப் பார்த்ததும் "செத்துப்போச்சு" என்ற சொல்லை நான் நம்பவில்லை. தங்கையை அழைத்துவந்தேன். மகள் ஒரு வாளித் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டுவந்து தகட்டைத் துடைத்தாள். வெயிலில் வைத்து மல்ரிமீற்றரால் தொட்டுப் பார்த்தபோது 20 வோல்ற் காட்டியது. பன்னிரண்டு வோல்ற் பற்றரிக்கான தகடு நல்ல வெயிலில் எதனுடனும் இணைக்காமல் இருக்கும்போது 18 முதல் 22 வரை காட்ட வேண்டும். எங்கள் வானிலிருந்த பற்றரியை இறக்கி அந்தத் தகட்டோடும் கொன்றோலரோடும் இணைத்தாள். சார்ஜ் ஏறுவதற்கான பச்சை விளக்கு எரிந்தது. அறைக்குள் இருந்த குமிழும் எரிந்தது.

"தகடு சாகேல்லை அக்கா. பற்றரிதான் போட்டுது" என்றாள் தங்கை.

அக்கா ஒன்றும் பேசவில்லை. தகட்டின் ஓரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

பற்றரி ஏன் பதினான்கு மாதத்தில் போனது? கொடுக்கப்பட்டது வாகனப் பற்றரி. அத்துடன், இரவில் வெளிச்சம் நிற்காமல் இருக்க, பக்கத்து வீட்டுப் பையன் கொன்றோலரை விலக்கி நேரடியாகப் பற்றரியில் இணைத்துக் கொடுத்திருக்கிறான். வோல்ற் குறைந்ததும் கொன்றோலர் இணைப்பை நிறுத்துவது பற்றரியைக் காப்பாற்றத்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி வடியவிட்டால் அதன் உள்ளே படிவு இறுகி, மறுபடி சார்ஜ் பிடிக்காது. மூடி திறக்கும் பற்றரியாக இருந்தும் ஒருநாளும் தண்ணீர் விடப்படவில்லை. விற்றவர் கையெழுத்து எங்கே வைப்பது என்று காட்டினார். தண்ணீர் எங்கே விடுவது என்று காட்டவில்லை.

உத்தரவாத அட்டையை எடுத்துப் பார்த்தோம். பற்றரிக்கு ஒரு வருடம். இரண்டு மாதம் பிந்திவிட்டது. ஆனால் கடனோ மூன்று வருடம்.

சகோதரிகளே, இந்த மாதம் நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான். சோலாரில் தகடு நீண்ட ஆயுள் கொண்டது. அதற்குக் கீழே உள்ளவைதான் முதலில் போகும். சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் 1982 இல் பூட்டிய தகடுகளை 35 வருடங்களின் பின் பரிசோதித்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை ஆரம்ப வலுவில் 80 வீதத்துக்கு மேல் இன்னமும் தந்துகொண்டிருந்தன. நல்ல கண்ணாடித் தகடு பொதுவாக வருடத்துக்கு அரை வீதம் அளவில்தான் வலு இழக்கும். ஈயப் பற்றரியோ நன்றாகப் பார்த்தால் மூன்று முதல் ஐந்து வருடம், பார்க்காவிட்டால் ஒரு வருடம். இப்போது வரும் லிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி 2000 தடவைக்கு மேல் நிரம்பி வடியத் தாங்கும், ஆனால் வாங்கும்போது விலை கூட.

ஆகவே தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பற்றரி ஆழமாக வடிந்து நிரம்பும் வகையா, வாகனத்துக்கானதா? தகட்டுக்கு எத்தனை வருடம், பற்றரிக்கு எத்தனை வருடம் உத்தரவாதம்? தவணை முடியமுன் பற்றரி போனால் யார் பொறுப்பு? மொத்தமாகக் கட்டப்போகும் தொகை எவ்வளவு, இதே பொருளின் கடை விலை எவ்வளவு? பதில்களை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் கையெழுத்திட வேண்டாம். நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது போயிருந்தது.

எவ்வளவு எரிக்கலாம் என்ற கணக்கும் கடினமில்லை. 5 வாற் குமிழ் இரண்டு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 50. போன் இரண்டுக்கு 30. சிறிய 15 வாற் விசிறி ஆறு மணித்தியாலம் ஓடினால் 90. மொத்தம் 170. நூறு வாற் தகடு எங்கள் பக்க வெயிலில் இதைவிடக் கூடுதலாகத் தரும். மழை நாளில் விசிறியை விட்டுவிடுங்கள். அழுத்திக்கும் சோறு சமைக்கும் சட்டிக்கும் இது காணாது, அவற்றை இணைக்கவே வேண்டாம்.

தகட்டை மாதம் இரண்டு தடவை அதிகாலையில், சூடேற முன், வெறும் தண்ணீரால் கழுவுங்கள். சாம்பலும் பொச்சும் சட்டி பானைக்குத்தான். கண்ணாடி கீறினால் திரும்ப வராது. பற்றரிக்கு விடுவது வடித்த நீர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் கூடாது. உள்ளே இருப்பது அமிலம், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். மூடிய அறையில் வைக்காதீர்கள்.

என் சிறுவயதில் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, ஒரு துளி மண்ணெண்ணெயையும் வீணாக்காமல் அம்மா விளக்கு எரித்தார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அந்த நாட்களில் எங்கள் தாய்மார் யாரும் "எங்களுக்கு இதொண்டும் விளங்காது" என்று சொல்லவில்லை. கையில் இருந்ததைப் புரிந்துகொண்டு பிழைத்தார்கள். இப்போது மட்டும் ஏன் ஒரு பெட்டியையும் நான்கு வயரையும் கண்டு பயப்பட வேண்டும்?

அக்காவுக்கு அவரது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் சுழற்சி நிதியிலிருந்து சிறு கடன் கொடுத்தது. அதில் சரியான வகைப் பற்றரி வாங்கினார். பழைய தவணை இன்னும் முடியவில்லை, அதற்காக அவரோடு சேர்ந்து கடன் கொடுத்தவர்களிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். தகடு இப்போது கூரையில் தெற்குப் பார்த்துச் சற்றுச் சாய்வாக இருக்கிறது. கழுவும் வேலை மகளுடையது.

உங்கள் வீட்டிலும் கோழிக்கூட்டிலோ கோடியிலோ "செத்துப்போன" தகடு ஒன்று கிடந்தால், இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன் அதை ஒருமுறை துடைத்து வெயிலில் வைத்து, மீற்றர் வைத்திருக்கும் யாரையாவது கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வான் வரும் நாளென்றால் எங்களிடமே கொண்டுவாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.