இடிபாடுகளைக் காண்பது ஆகாதா?

விடுமுறை வந்தால் தஞ்சைத் தரணியின் முஸ்லிம் குடும்பங்கள் பல பூம்புகாருக்குச் சென்று வருகின்றன. கடலில் கால் நனைத்து, 1973இல் எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றன. வேறு சிலரோ, "ஈமான் கொள்ளாதோரின் பாழிடத்தில் நமக்கென்ன வேலை?" என்று தடுக்கின்றனர். இவ்விரு சாராரையும் நாம் மறுக்கிறோம்.

தடுப்போர் காட்டும் ஆதாரம் நாமும் ஓதியதே. ஹிஜ்ரீ 9இல் தபூக் செல்லும் வழியில், ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதிக்குள் அழுதவர்களாக அன்றி நுழைய வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களை எச்சரித்தார்கள். அது இறைவேதனை இறங்கிய ஊர். பூம்புகாரை அவ்வாறு கூற யாதோர் ஆதாரமும் இல்லை. அன்றியும், அங்கே விலக்கப்பட்டது பார்வையன்று, அலட்சியமே. திருமறையோ பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு பன்முறை ஏவுகிறது. ரோமர்களின் பெயரையே தாங்கிய 'அர்ரூம்' அத்தியாயத்தின் 9ஆம் வசனம், அம்மக்கள் நிலத்தை உழுததையும் அதில் கட்டியெழுப்பியதையும் சேர்த்தே நினைவூட்டுகிறது. நெல் விளையும் மண்ணில் வாழும் நமக்கு இதனினும் நெருக்கமான உபதேசம் வேண்டுமா?

இனி, சென்று வருவோருக்கு ஒரு வார்த்தை. கலைக்கூடம் நம் காலத்துக் கட்டடம். பழம் பட்டினத்தைக் காண விரும்புவோர் கீழையூருக்கு அல்லவா செல்ல வேண்டும்? 1960களில் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் படகுகளைப் பிணிக்கும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளம் கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி குறித்த 'கபேரிஸ்' துறைமுகம் இப்பட்டினமே என்பர் அறிஞர். ரோம நாட்டுச் சரக்கோடு வந்த யவனர் இங்கே குடியிருந்ததைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. அத்தனை செல்வத்துக்கும் இன்று சாட்சி, சில வரிசைச் செங்கல்!

பெற்றோர்களே! நாகூரிலும் காரைக்காலிலும் மரக்கலம் செலுத்திய மரைக்காயர்கள் நம் முன்னோர். கடல் ஓர் ஊரை உயர்த்துவதும் பின்னர் கைவிடுவதும் நம் வீட்டுக் கதையே. உங்கள் பிள்ளைகளை அந்தப் படகுத்துறையின் ஓரத்தில் நிறுத்தி, "இதைக் கட்டியவர்கள் எங்கே?" என்று கேளுங்கள். நாம் கட்டுபவை எத்தனை நாள் நிற்கும் என்பதை அவர்களே உணர்வார்கள். அவ்விடத்தில் வீண் கேளிக்கையோடு திரிவதும், அதன் பக்கமே திரும்பாதிருப்பதும் ஒரே குருட்டுத்தனம்தான்.