விந்தணு 'நில்'லா? லேகியத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை!

கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் போதும், 'வீட்ல விசேஷம் உண்டா?' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். யாரிடம்? மருமகளிடம்தான். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கும் பழமொழியில்கூட ஆண் கிடையாது! ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், சினைக்குழாய் எக்ஸ்ரே என மனைவி எல்லாவற்றையும் முடித்த பிறகே பல வீடுகளில் கணவர் விந்துப் பரிசோதனைக்குச் சம்மதிக்கிறார். இத்தனைக்கும், குழந்தையின்மைப் பிரச்னைகளில் ஏறக்குறைய பாதியில் ஆணுக்கும் பங்கு உண்டு.

அந்த ரிப்போர்ட்டில் விந்தணு 'நில்' என்று வந்தால்? பலரும் ஓடுவது லேகியத்துக்கும் சத்து மாத்திரைக்கும்தான். ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள்கள் ஆகும். அதனால் இடைவெளி விட்டு இன்னொரு முறை பரிசோதிப்பார்கள். ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி விந்தணு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் எல்லை. அது 50 லட்சத்துக்கும் கீழே போனாலோ, அறவே இல்லை என்றாலோ, காரணம் மரபணுவில் இருக்கலாம்.

இதில் அதிகம் பேருக்கு இருப்பது 'கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம்'. வழக்கமாக ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. இவர்களுக்குக் கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோம் இருக்கும். 500 முதல் 1,000 ஆண்களில் ஒருவருக்கு இந்த அமைப்பு உண்டு என்றாலும், குழந்தைக்காக டாக்டரைப் பார்க்கும் வரை பலருக்குத் தெரிவதே இல்லை. தாம்பத்யத்தில் குறையில்லாமலும் இருக்கலாம். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. தற்செயலாக நேரும் பிழை. 'உங்க பக்கமா, எங்க பக்கமா' என்று சம்பந்திகள் மல்லுக்கட்ட இதில் ஒன்றுமில்லை. மைக்ரோஸ்கோப் வைத்து விரையில் தேடும் அறுவை சிகிச்சையில், இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஆனால், 'ஆண்மை குறைவு' என்று யாரோ சொன்னதைக் கேட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால், இருக்கிற கொஞ்சநஞ்ச உற்பத்தியும் படுத்துவிடும்.

அடுத்தது, ஒய் குரோமோசோமில் சின்னத் துண்டு விடுபட்டுப்போவது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகம் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், விந்தணுவே இல்லாத 340 இந்திய ஆண்களில் 29 பேருக்கு இந்தக் குறை இருந்தது. விடுபட்ட இடம் எது என்பதுதான் இங்கே முக்கியம். ஏ, பி, சி என மூன்று பகுதிகள். ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால், அறுவை சிகிச்சை செய்தாலும் விந்தணு கிடைக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. வீண் செலவும் கத்தியும் மிச்சம். தானம் பெறுவதா, தத்தெடுப்பதா என்று தம்பதி யோசிக்கலாம். சி பகுதி மட்டும் என்றால் நம்பிக்கை உண்டு. இக்ஸி முறையில் குழந்தை பெறலாம், ஆனால் மகன் பிறந்தால் அவனுக்கும் இதே குறை போகும். மகளுக்குப் போகாது. சிகிச்சைக்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டாமா?

சிலருக்கு உற்பத்தி சரியாக இருக்கும். விந்து வெளியே வரும் குழாய் பிறவியிலேயே இருக்காது. இதற்குப் பெரும்பாலும் சி.எஃப்.டி.ஆர். மரபணு மாற்றமே காரணம். மனைவிக்கும் அந்த மாற்றம் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரக்கூடும். அதனால் இருவருக்குமே டெஸ்ட் அவசியம். அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் மணந்தவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஒரு விஷயம், 'கேரியோடைப்பிங்' எனப்படும் குரோமோசோம் டெஸ்ட்டில் ஒய் துண்டு விடுபட்டது தெரியாது. அதற்குத் தனி டெஸ்ட் எழுதியிருக்கிறாரா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கையில் ரத்தம் எடுத்தால் போதும். மரபணு மாறப்போவதில்லை என்பதால் திரும்பத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி மாறினால் ஃபைலோடு அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.