குணமா, நிலைமையா?

“தோட்டத்து மக்களின் மனப்பான்மையே அப்படித்தான்” என்னும் கூற்றினை விரிவுரை மண்டபத்திலும் கேட்கிறோம்; அட்டன் நகரத் தேநீர்க் கடையிலும் கேட்கிறோம். சோம்பல், மறதி, குடி, விதியை நம்பிக் கிடத்தல் ஆகிய நான்கும் அம்மக்களின் பிறவிக்குணம் என எண்ணுவோர் பலர். இன்று அவ்வெண்ணத்திற்கு உளவியல் என்னும் போர்வையும் போர்த்தப்படுகிறது. அப்போர்வையை விலக்கிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறர் நடத்தைக்குக் காரணம் தேடுங்கால் சூழ்நிலையின் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டு, பழியைக் குணத்தின் மீது ஏற்றுதல் மனிதர்க்கு எளிது. உளவியலாளர் லீ ரொஸ் 1977இல் இதனை அடிப்படை வழு என்றே பெயரிட்டார். விரிவுரையாளர் வகுப்புக்குப் பிந்தினால் பேருந்தைக் குறை கூறுகிறோம். கொழுந்து பறிக்கும் பெண் பிரட்டுக்குப் பிந்தினால் அவளைச் சோம்பேறி என்கிறோம். விடியுமுன் எழுந்து, பீலியில் நீரெடுத்து, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டே அவள் மலையேறுகிறாள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மறதியும் திட்டமின்மையும் அடுத்த குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வொன்று இங்கு கருதத்தக்கது. அறுவடைக்கு முன், கையில் பணமில்லாத காலத்தில், அறிவுத்திறன் சோதனைகளில் குறைவாகச் செய்த அதே மனிதர், அறுவடைக்குப் பின் மேம்பட்டுச் செய்தனர். மனிதர் மாறவில்லை, கவலையின் சுமையே இறங்கிற்று. அவ்வாறாயின், அரைப்பேர் விழுந்த நாளில் கடைக்கடனை எண்ணிக்கொண்டிருப்பவரின் மறதியை மட்டும் குணமென்பது எவ்வாறு பொருந்தும்?

இனி, விதிவாதம். 1967இல் செலிக்மனும் மையரும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனையைப் பலரும் மேற்கோள் காட்டுவர். எவ்வளவு முயன்றும் மின்னதிர்ச்சியை நிறுத்த இயலாதிருந்த நாய்களுட் பெரும்பாலானவை, பின்னர் தப்பிக்க வழியிருந்தும் அசையாது கிடந்தன. இக்கையறுநிலை கற்கப்பட்டதென்றே அவர்கள் அன்று கருதினர். 2016இல் அவர்களே அக்கருத்தைத் திருத்தினர்: நெடுந்துன்பத்தில் செயலறுதல் உயிரின் இயல்பான எதிர்வினை, தன் செயலுக்குப் பயனுண்டு என்பதே கற்கப்படுவது.

மலையகம் அப்பாடத்தைக் கற்காமலா இருந்தது? 1940இல் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். 1947 தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவரைப் பாராளுமன்றம் அனுப்பினர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது, பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். 1964இல் இரு அரசுகள் அம்மக்களைக் கேளாமலே அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. 1977இல் டெவன் தோட்டத்தில், நிலப்பறிப்பை எதிர்த்த சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். செயலுக்கும் பயனுக்கும் இடையிலான தொடர்பை மீண்டும் மீண்டும் அறுத்தவர்கள் எவரோ, அவர்களை விடுத்து அறுபட்டவரின் மனத்தை ஆராய்வது என்ன ஆராய்ச்சி?

நினைவாற்றலும் அவ்வாறே. நினைவென்பது சேமித்துவைத்த படச்சுருள் அன்று, வாழும் குழுவின் பொருளறிவால் மீளக் கட்டப்படுவது என்பதை 1932இலேயே பாட்லெட் விளக்கினார். ஆண்டு கேட்டால் தயங்கும் மூதாட்டி, உறவினரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்தை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பாள். அப்பெயரே ஒரு வரலாற்று ஏடு. அதனை வாசிக்கத் தெரியாத நாம் அவளுக்கு மறதி என்கிறோம்.

“அப்படியானால் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்கும் சூழ்நிலைதான் காரணமோ?” என வினவுவர். அன்று. அடித்தவன் பொறுப்பாளியே; அதே லயத்தில், அதே கூலியில் குடியாது வாழ்வோரும் உளர். மனநோயுற்றோர்க்கு மருத்துவமும் ஆற்றுப்படுத்தலும் வேண்டியனவே. ஆயினும் ஒருவனின் குற்றத்தை ஒரு சமூகத்தின் குணமாக்குதல் நீதியாகாது. ஒழுகும் கூரையின்கீழ் இருப்போர்க்கு மனத்தை மாற்றிக்கொள்ளுமாறு கருத்தரங்கு நடத்துதல் மருத்துவமும் ஆகாது.

உளவியல் பயிலும் மாணவ நண்பர்களே, தோட்டத்திற்கு வினாக்கொத்துடன் செல்லுங்கள், தடையில்லை. ஆனால் அம்மனங்களை அளக்குமுன் லயக்காம்பராவின் நீள அகலத்தை அளந்து வாருங்கள்.