போத்தனூர்ச் சமையலும் லூசியானாவும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சமையலைக் கேஜன், கிரியோல் என இரண்டாகப் பிரிப்பது வழக்கம்: 1755 முதல் பிரித்தானியரால் கனடாவின் அகாடியாப் பகுதியிலிருந்து விரட்டப்பட்டுச் சதுப்பு நிலங்களில் குடியேறிய பிரெஞ்சுக் குடியானவர்களின் வழியினர் கேஜன்கள், நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க மரபுகள் கலந்து உருவானவர்கள் கிரியோல்கள். இருசாராருக்கும் பொதுவான கம்போ என்னும் கெட்டிக் குழம்பில், ஆப்பிரிக்காவிலிருந்து சென்ற வெண்டைக்காயும், பூர்வகுடிகளின் சாசஃப்ராஸ் இலைப்பொடியும், மாவைக் கொழுப்பில் வறுக்கும் பிரெஞ்சு முறையும் இடம்பெறுகின்றன. இத்தகைய கலப்பைத் தமிழர் வாழும் பகுதிகளில் தேடுவோர் புதுச்சேரிக்கே செல்கின்றனர். கோவைக்குத் தெற்கே கூப்பிடு தூரத்திலுள்ள போத்தனூரை எவரும் நினைப்பதில்லை.

சென்னையை மலபார்க் கடற்கரையோடு இணைத்த மெட்ராஸ் ரயில்வேயின் பாதை 1860களில் போத்தனூர் வழியே சென்றது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டபின் அவ்வூர் முக்கியச் சந்திப்பாயிற்று. இஞ்சின் ஓட்டுநர், கார்டு போன்ற பணிகளில் ஆங்கிலோ இந்தியர், அதாவது தந்தைவழியில் ஐரோப்பிய மரபினராய் இந்தியாவில் பிறந்து வாழ்ந்தவர்கள், பெருமளவில் அமர்த்தப்பட்டதால், ரயில்வே குடியிருப்பு அவர்களது ஊராகவே விளங்கியது. 1862இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் தொடங்கிய பள்ளி அச்சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்தது.

இச்சமூகத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, தேங்காய்ப்பாலில் மஞ்சள் சேர்த்து வடித்த மஞ்சள் சோறும், கொத்துக்கறியை உருட்டிப் போட்ட குழம்பும், வெங்காயத்தையும் வரமிளகாயையும் வினிகர், சர்க்கரையோடு அரைத்த டெவில் சட்னியும் ஆகும். பெப்பர் வாட்டர் என்று அவர்கள் குறிப்பிடுவது நம் ரசத்தின் நெருங்கிய உறவு. விந்தாலுவோ போர்த்துகீசியர் கோவாவில் விட்டுச்சென்ற வினிகர் மரபின் வாரிசு. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சுடும் ரோஸ் குக்கி, முட்டை சேர்த்த அச்சு முறுக்கேயன்றி வேறில்லை. அரிசியும் தேங்காயும் மஞ்சளும் விளையும் கொங்கு மண்ணில் இச்சமையலுக்கு அந்நியமான பொருள் என்று வினிகரைத் தவிர அதிகம் சொல்வதற்கில்லை.

இரு கதைகளும் பிரியுமிடம் மொழியாகும். லூசியானாவின் 1921ஆம் ஆண்டு அரசியலமைப்புப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே கட்டாயமாக்கியதால், பிரெஞ்சு பேசிய கேஜன் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். மொழி தேய்ந்தபோதும் மக்கள் அம்மண்ணிலேயே இருந்தமையால் சமையல் நிலைத்தது, பின்னர் சுற்றுலாவுக்கு மூலதனமாகவும் ஆனது. ஆங்கிலோ இந்தியருக்கோ தாய்மொழியான ஆங்கிலமே வேலையைத் தந்தது, வேலை சுருங்கியபோது கப்பலேறவும் உதவியது. இந்திய அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு, ரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்திப் பணிகளில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டை ஈராண்டுக்கொருமுறை பத்து விழுக்காடு குறைத்துப் பத்தாண்டில் முடிவுக்குக் கொண்டுவர வகைசெய்தது. சட்டத்தின் நோக்கில் அது நியாயமான ஏற்பாடே எனினும், ஒரே முதலாளியை நம்பி வளர்ந்த குடியிருப்புக்கு அது பேரிடி. பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர்.

இன்று பள்ளிபாளையம் சிக்கனும், சந்தகையும், அரிசிம்பருப்புச் சாதமும் கொங்கு உணவு என்ற பெயரில் ஓட்டல்தோறும் பெருமையுடன் பரிமாறப்படுகின்றன. ரயில்வே குடியிருப்பில் தலைமுறைகளாகச் சமைக்கப்பட்ட மஞ்சள் சோற்றுக்கு மட்டும் அப்பட்டியலில் இடமில்லை என்பதற்கு, அதைச் சமைத்தவர்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளவில்லை என்பதைத் தவிர வலுவான காரணம் புலப்படவில்லை. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் குடும்பங்கள் நிறைந்த கோவைக்கு அக்காரணம் பொருந்துவதுமில்லை.